1905: சுல்தானா கண்ட கனவு

கதை கேட்டு வளராதவர் யார்? பாட்டி சொன்ன கதைகளில் பறக்கும் கம்பளம் வரும். பேசும் கிளி வரும். புஷ்பக விமானம் வரும். “அது எப்படிப் பறக்கும் பாட்டி?” என்று கேட்டால், “மந்திரத்தால் பறக்கும்” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு வகைக் கதையும் இருக்கிறது. அதிலும் வண்டி வானத்தில் பறக்கும். ஆனால் மந்திரத்தால் அல்ல. அதில் என்ன பூட்டியிருக்கிறது, எந்தச் சக்தியால் அது ஓடுகிறது என்று கதை எழுதுகிறவர் காரணம் சொல்வார். இன்று இல்லாத ஒரு கருவி நாளை வந்தால் மனிதர் வாழ்க்கை எப்படி மாறும் என்று யோசிப்பார். இத்தகைய கதைக்கு அறிவியல் கதை என்று பெயர். தமிழில் எழுத்தாளர் சுஜாதா இப்படிப் பல கதைகள் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டில் பிறந்த ஒரு பழைய அறிவியல் கதையைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம். அது 1905-ஆம் ஆண்டு சென்னையில் வெளியான ஒரு பத்திரிகையில் வந்தது. எழுதியவர் ஒரு பெண். அவர் பள்ளியில் சேர்ந்து படித்தவர் அல்ல. எழுத்தை ஒளிந்து ஒளிந்து கற்றவர்.

அந்தக் காலம் எப்படி இருந்தது?

1905-ல் நம் திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. 1918-ல்தான் ரயில் இந்த ஊரைத் தொட்டது. சாலைக் கம்போளத்துக்குச் சரக்கு மாட்டு வண்டியில் வந்தது.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-ல்தான் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். முதல் தடவை அது 12 விநாடிதான் பறந்தது. நம் நாட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை.

ஆனால் கதைகளில் மனிதன் ஏற்கெனவே பறக்கத் தொடங்கிவிட்டான். பிரான்சு நாட்டின் ஜூல்ஸ் வெர்ன், பீரங்கியால் நிலவுக்கு ஆள் அனுப்பும் கதையை 1865-லேயே எழுதினார். இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்ஸ், காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரத்தைப் பற்றி 1895-ல் எழுதினார். அந்த ஜூல்ஸ் வெர்ன் மறைந்தது 1905 மார்ச் மாதத்தில்.

நம் நாட்டிலும் தொடக்கம் இருந்தது. வங்காளத்தில் ஒரு தலைத்தைலக் கம்பெனி 1896-ல் கதைப் போட்டி நடத்தியது. விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ் எழுதிய கதைக்குப் பரிசு கிடைத்தது. புயலில் ஒரு கப்பல் தத்தளிக்கிறது. பயணி ஒருவர் தைலப் புட்டியைக் கடலில் கவிழ்க்கிறார். அலை அடங்குகிறது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் சிற்றலைகள் தணியும் என்பது அறிவியல் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் கதை பின்னினார்.

இவர்கள் எல்லாரும் ஆண்கள். படித்துப் பட்டம் பெற்றவர்கள், அல்லது பள்ளிக்குப் போக வசதி இருந்தவர்கள். இனி நாம் பார்க்கப் போகிறவர் கதை வேறு.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

அவர் பெயர் ரொக்கையா. 1880-ல் வங்காளத்தில் ரங்பூர்ப் பகுதியில் பாய்ராபந்த் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை பெரிய ஜமீன்தார். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெண்களுக்கு வாசல் கிடையாது.

அந்தக் குடும்பத்தில் கோஷா முறை கடுமையாக இருந்தது. வெளி ஆண்கள் கண்ணில் பெண்கள் படக்கூடாது. சிறு பெண்ணாக இருந்தபோதே வேற்றுப் பெண்கள் வந்தால்கூட ரொக்கையா ஓடி ஒளிய வேண்டியிருந்தது. இது ஒரு மதத்தாரிடம் மட்டும் இருந்த வழக்கம் அல்ல. நம் கேரளத்தில் நம்பூதிரி இல்லங்களின் பெண்களும் அந்தக் காலத்தில் மறைக்குடை இல்லாமல் வெளியே வர முடியாது.

ரொக்கையாவின் அண்ணன்மார் கல்கத்தாவில் படித்தார்கள். பெண்பிள்ளைகள் வேதம் ஓத அரபி எழுத்து கற்றால் போதும் என்பது வீட்டு முடிவு. வங்காளியும் ஆங்கிலமும் கற்கத் தடை.

மூத்த அண்ணன் இப்ராகிம் சாபருக்கு இது பொறுக்கவில்லை. இரவில் வீடு முழுவதும் தூங்கும்வரை காத்திருப்பார். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றுவார். தங்கைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பார். அக்கா கரீமுன்னிசாவும் ரொக்கையா வங்காளி படிக்க உதவினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1924-ல், ரொக்கையா எழுதிய ‘பத்மராக்’ என்ற நாவலை அந்த அண்ணனுக்கே காணிக்கை ஆக்கினார்.

ரொக்கையாவுக்கு இளம் வயதில் திருமணம் ஆனது. கணவர் சகாவத் உசேன். பீகாரில் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் படிப்பை மதிப்பவர். “நீ எழுது” என்று மனைவியை ஊக்குவித்தார்.

ஒரு சமயம் கணவர் அலுவலாக வெளியூர் போயிருந்தார். ரொக்கையா வீட்டில் தனியாக இருந்தார். பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதி வைத்தார். கணவர் திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தார். உட்காராமல் நின்றபடியே முழுவதும் படித்து முடித்தார். “சரியான பழிவாங்கல்தான்” என்ற பொருளில் வியந்து சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னார் என்பது கதையைப் படித்தால் தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை

அந்த நாளில் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. 1901-ல் அதைத் தொடங்கி நடத்தியவர் கமலா சத்தியநாதன். பெண்ணே ஆசிரியர். எழுதுபவர்களிலும் பலர் பெண்கள்.

பாகல்பூரில் எழுதிய கதை சென்னைக்கு வந்தது. 1905-ல் அந்தப் பத்திரிகையில் அச்சானது. ரொக்கையாவுக்கு அப்போது ஏறத்தாழ 25 வயது. 1908-ல் அது கல்கத்தாவில் தனிப் புத்தகமாகவும் வந்தது. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’.

கதை

சுல்தானா என்ற பெண் தன் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். இந்தியப் பெண்களின் நிலையை நினைத்தபடியே கண் அயர்கிறாள். சாரா என்ற தோழி வந்து வெளியே அழைப்பது போல் இருக்கிறது. இருவரும் தெருவில் இறங்குகிறார்கள்.

பட்டப்பகல். சுல்தானாவுக்குக் கூச்சம். முக்காடு இல்லாமல் வந்துவிட்டோமே என்று நடுங்குகிறாள். ஆனால் தெருவில் ஓர் ஆணைக்கூடக் காணோம்! எங்கும் பெண்கள்தான்.

ஆற்றுக்கால் பொங்கல் நாளில் நம் ஆரியசாலைத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். அன்று தெரு முழுவதும் பெண்கள் கூட்டம். ஆண்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். இங்கே அது ஒரு நாள். சுல்தானா கண்ட நாட்டில் வருடம் முழுவதும் அப்படித்தான். அது பெண்கள் நாடு.

“ஆண்கள் எங்கே?” என்று சுல்தானா கேட்கிறாள். “வீட்டுக்குள் இருக்கிறார்கள். அதுதானே அவர்களுக்கு உரிய இடம்” என்கிறாள் சாரா. ஆண்கள் சமைக்கிறார்கள். குழந்தை பார்க்கிறார்கள். ஆட்சி, அறிவியல், வணிகம் எல்லாம் பெண்கள் கையில்.

“ஆண்களுக்குத்தானே பலம் அதிகம்?” என்று சுல்தானா கேட்கிறாள். சிங்கத்துக்கு மனிதனைவிடப் பலம் அதிகம். அதனால் அது மனிதனை ஆள்கிறதா என்று சாரா திருப்பிக் கேட்கிறாள். யானைக்கு மூளை பெரியது. ஆனாலும் மனிதன் அதைச் சங்கிலியில் கட்டிவிடுகிறான் என்கிறாள்.

அந்த நாட்டின் அற்புதங்களைப் பாருங்கள்.

சமையலறையில் புகை இல்லை. கரி இல்லை. சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து சமைக்கிறார்கள். குளிர் காலத்தில் அதே வெப்பத்தால் வீட்டைச் சூடாக்குகிறார்கள்.

மேகத்துக்கு மேலே ஒரு பெரிய பலூன் மிதக்கிறது. அதில் குழாய்கள் பூட்டியிருக்கின்றன. மழை விழும் முன்பே தண்ணீரை இறக்கிக்கொள்கிறார்கள். அதனால் வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை.

வயலை மின்சாரம் உழுகிறது.

பயணம் செய்ய வான்வண்டி. ஒரு பலகையில் இரண்டு இருக்கை. பலகையில் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய இரண்டு உருண்டைகள். ஏறுகிறவர் எடைக்கு ஏற்ப உருண்டையின் அளவு மாறும். சிறகு போன்ற இரண்டு தகடுகள் மின்சாரத்தால் இயங்கும். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது. அதனால் அது வண்டியைத் தூக்குகிறது. தகடு முன்னே தள்ளுகிறது. பார்த்தீர்களா? மந்திரம் இல்லை. காரணம் இருக்கிறது. அதனால்தான் இது அறிவியல் கதை.

இந்த நாடு எப்படி உருவாயிற்று?

அந்த நாட்டு ராணி முதலில் ஆயுதம் செய்யவில்லை. எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டாள். நாடெங்கும் பெண்பிள்ளைப் பள்ளிகள் திறந்தன. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்று சட்டம் வந்தது. பெண்களுக்கே இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று மேகத்து நீரை இறக்கியது. மற்றது சூரிய வெப்பத்தைப் பிடித்தது. ஆண்களோ படையைப் பெருக்குவதில் முனைந்தார்கள். பெண்களின் ஆராய்ச்சியைக் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் பக்கத்து நாடு படையெடுத்து வந்தது. ஆண்களின் படை தோற்றது. பலர் காயம்பட்டு வீடு திரும்பினார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவி ஒரு யோசனை சொன்னாள். “நாங்கள் வெளியே போக வேண்டும். கோஷா முறை கெடாமல் இருக்க, ஆண்கள் எல்லாரும் உள்ளே போய் இருக்கட்டும்.” களைத்துப் போயிருந்த ஆண்கள் மறுப்பின்றி உள்ளே போனார்கள். தலைவி 2,000 மாணவிகளுடன் போர்க்களம் சென்றாள். சேர்த்து வைத்த சூரிய ஒளியை எதிரிமேல் திருப்பினாள். வெப்பம் தாங்காமல் எதிரிப்படை ஓடியது. உள்ளே போன ஆண்கள் அதன்பின் வெளியே வரவே இல்லை.

கடைசியில் வான்வண்டி நகரத் தொடங்கியதும் சுல்தானா சறுக்கி விழுகிறாள். விழித்துப் பார்த்தால் பழைய அறை. பழைய நாற்காலி.

வகுப்பில் எழுந்த கேள்வி

ஆரியசாலையில் நம் மாலை வகுப்பில் இந்தக் கதையை வாசித்தோம். ஓர் அக்கா உடனே கேட்டார்:

“எல்லாம் சரி தங்கச்சி. ஆம்பிளைகளைப் பிடிச்சு உள்ளே போட்டா அது மட்டும் நியாயமா?”

பக்கத்தில் இருந்த சுமட்டுத் தொழிலாளி அண்ணாச்சி சொன்னார்: “என்னை ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளே இருக்கச் சொன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

“அண்ணாச்சி, எங்க அம்மா நாப்பது வருஷம் இருந்தாளே!” என்றார் அந்த அக்கா.

வகுப்பே சிரித்தது. பிறகு அமைதியாகிவிட்டது.

கதையின் நோக்கம் இதுதான். ஆண்களைப் பூட்ட வேண்டும் என்று ரொக்கையா சொல்லவில்லை. அவர் ஒரு கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். பெண்கள் உள்ளே இருந்தபோது எல்லாருக்கும் அது இயல்பாகத் தெரிந்தது. ஆண்கள் உள்ளே இருப்பதாகப் படித்தவுடன் அநியாயம் என்று தோன்றுகிறது. அப்படியானால் அது முதலிலிருந்தே அநியாயம்தானே?

விழித்த பிறகு என்ன செய்தார்?

கனவு கண்டவர் பலர். விழித்த பிறகு வேலை செய்தவர் சிலர். ரொக்கையா அந்தச் சிலரில் ஒருவர்.

1909-ல் கணவர் இறந்தார். பெண்கள் பள்ளி தொடங்குவதற்காக அவர் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டில் பாகல்பூரில் கணவர் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினார் ரொக்கையா. மாணவிகள் 5 பேர். குடும்பத் தகராறால் அங்கே இருக்க முடியவில்லை. கல்கத்தா போனார். 1911-ல் பள்ளியை மறுபடி தொடங்கினார். மாணவிகள் 8 பேர்.

வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். “பெண்ணைத் தெருவில் அனுப்ப மாட்டோம்” என்றார்கள். சரி என்று மூடிய வண்டி ஏற்பாடு செய்தார். பள்ளிக்கு வந்த மோட்டார் வண்டி காற்றுப் புகாதபடி மூடியிருந்தது. உள்ளே பிள்ளைகளுக்கு மயக்கம் வந்தது; வாந்தி வந்தது. அடைப்பை எடுத்துவிட்டுத் திரை போட்டார். திரை காற்றில் ஆடுகிறது, பிள்ளைகள் வெளியே தெரிகிறார்கள் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. வான்வண்டியைக் கனவு கண்டவர், ஒரு திரைத்துணிக்காக இப்படிப் போராட வேண்டியிருந்தது. இதை அவரே 1931-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

1916-ல் முஸ்லிம் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். சங்கப் பெண்கள் கல்கத்தாவின் சேரிகளுக்குப் போய் ஏழைப் பெண்களுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள்.

1932 டிசம்பர் 9 அன்று ரொக்கையா காலமானார். பெண்களின் உரிமை பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமல் மேசைமேல் இருந்தது. அவர் தொடங்கிய பள்ளி அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது. டிசம்பர் 9-ஐ வங்கதேசம் ரொக்கையா நாளாகக் கொண்டாடுகிறது.

எது பலித்தது? எது பலிக்கவில்லை?

சூரிய சக்தி பலித்தது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பயன்தரத்தக்க தகடு 1954-ல் அமெரிக்காவில் உருவானது. 2015-ல் நம் கொச்சி விமான நிலையம் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியது.

வானில் பறப்பது பலித்தது. நம் ஊர்த் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது.

பெண்கள் சூரியனை ஆராய்வது? அதுவும் பலித்தது. சூரியனை ஆராய ‘ஆதித்யா எல்-1’ என்ற விண்கலத்தை 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா அனுப்பியது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகார் ஷாஜி. செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப் பெண். 1956 வரை செங்கோட்டை நம் பக்கத்து எல்லைக்குள்தான் இருந்தது. அந்தக் கலத்தைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை உருவாக்கியது திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

மழையை அடக்கும் பலூன் பலிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்ததை நாம் மறக்க மாட்டோம்.

திருமண வயது? கதை எழுதிய காலத்தில் அதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. 1929-ல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14 வயது என்றது. 1978-ல் அது 18 ஆனது. ரொக்கையா சொன்ன 21 இன்னும் வரவில்லை.

இதைக் கவனியுங்கள். இயந்திரங்கள் வேகமாக வந்துவிட்டன. வழக்கங்கள் மெதுவாகத்தான் மாறுகின்றன. வீட்டில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனால் அதன்முன் நிற்பது யார்? கையில் செல்போன் வந்துவிட்டது. ஆனால் பெண் இரவில் தனியே நடக்கத் தெரு பாதுகாப்பாக இருக்கிறதா? இந்தப் பாதிக் கனவை எந்த விஞ்ஞானியும் நமக்காகச் செய்துதர முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அதற்கு முதல் படி ராணி எடுத்த படிதான். எல்லாரும் படிக்க வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கற்ற எழுத்து, ஒரு புது நாட்டையே படைத்தது. எழுத்துத் தெரிந்தால் பேருந்துப் பெயர்ப் பலகை மட்டுமல்ல, இல்லாத ஒன்றையும் எழுதிக் காட்டலாம்.

சொல்லும் பொருளும்

கோஷா முறை – பெண்களைப் பிறர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வைக்கும் வழக்கம்
மறைக்குடை – முகம் மறைக்கப் பிடிக்கும் ஓலைக்குடை
மாஜிஸ்திரேட் – நீதி விசாரிக்கும் அதிகாரி
சுமட்டுத் தொழிலாளி – மூட்டை சுமப்பவர்
ஹைட்ரஜன் – காற்றைவிட லேசான ஒரு வாயு

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. பாட்டி கதைக்கும் அறிவியல் கதைக்கும் என்ன வேறுபாடு?
2. ரொக்கையாவுக்கு இரவில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் யார்?
3. பெண்கள் நாட்டின் ராணி முதலில் போட்ட ஆணை என்ன?
4. பள்ளி வண்டியின் அடைப்பை ரொக்கையா ஏன் எடுத்தார்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. கதை வெளிவந்த ஆண்டு ________.
2. பத்திரிகையின் ஆசிரியர் ________ சத்தியநாதன்.
3. கல்கத்தாவில் பள்ளி ________ மாணவிகளுடன் தொடங்கியது.

இ. கணக்குப் போடுங்கள்

கதையில் சாரா ஒரு கணக்குச் சொல்கிறாள். அலுவலகத்தில் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேர வேலை. அவர் 12 சுருட்டுப் பிடிக்கிறார். ஒரு சுருட்டுக்கு அரை மணி நேரம். அப்படியானால் அவர் உண்மையில் வேலை செய்த நேரம் எவ்வளவு?

ஈ. செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தகரப் பாத்திரங்கள் எடுங்கள். ஒன்றின் வெளிப்புறத்தில் கரி பூசுங்கள். இரண்டிலும் சம அளவு தண்ணீர் ஊற்றி, வெயிலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து விரலை வைத்துப் பாருங்கள். எது சூடாக இருக்கிறது? ஏன்?

உ. கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், எந்த ஒரு வழக்கம் மாற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அது மாறிய நாட்டை ஐந்து வரியில் எழுதுங்கள். வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.